ஓடாத லாரியும் ஓயாத ஆசையும்

"விற்பனைக்கு: 1949-ம் வருஷத்து பிக்-அப் லாரி. ஓடாது. பிரேக் கிடையாது. காலடியில் தரை கிடையாது. எஞ்சின் இறுகிப் போயிருக்கிறது. எலிக் குடும்பம் ஒன்று வாசம் செய்கிறது. வேண்டுவோர் தாங்களே வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியது."

இவ்விதம் ஒரு விளம்பரம் நம் ஊர்ப் பத்திரிகையில் வெளியானால், கொடுத்தவருடைய மூளையைப் பற்றி நாம் உடனே ஓர் அபிப்பிராயத்துக்கு வந்துவிடுவோம். அமெரிக்காவிலோ, இதே தோரணையில் எழுதிய விளம்பரத்தைப் படித்துவிட்டு, பொழுது விடிவதற்குள் முந்நூறு மைல் பிரயாணம் செய்து வந்து கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வருகிறவருக்கு உள்ளூர ஒரே கவலைதான்: தமக்கு முன்னால் வேறு யாராவது வந்து அந்தப் பொக்கிஷத்தைக் கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

பழைய மோட்டார்களிடம் மோகம் கொள்வது எல்லாத் தேசத்துக்கும் பொதுவானதுதான். ராஜாக்கள் ஏறிய ரோல்ஸ்-ராய்ஸை மெருகு போட்டு வைத்துக்கொள்ளும் சீமான்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. வைக்கோலும் பன்றியும் சிமெண்டு மூட்டையும் ஏற்றி, அடிபட்டு, மிதிபட்டு, கடைசியில் வேலி ஓரத்தில் தள்ளப்பட்ட ஏழை லாரியின் மேல் வைக்கும் ஆசையைத்தான் சொல்கிறோம். அது என்ன ஆசை?

பிக்-அப் லாரி என்பது பாதி மோட்டார், பாதி கட்டை வண்டி. முன்புறத்தில் இரண்டு மூன்று பேர் நெருங்கி உட்கார ஓர் அறை. பின்புறத்தில் மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி. இதைக் கண்டுபிடித்த பெருமையை ஏதாவதொரு கம்பெனிக்குக் கொடுப்பது நியாயமாகாது. ஹென்றி போர்டின் 'மாடல் டி' மோட்டார் 1908-ல் வெளிவந்தது. அதை வாங்கிய குடியானவர்கள் பின்பக்கத்து ஆசனத்தைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகைப் பெட்டியைத் தாங்களே அடித்துப் பொருத்திக் கொண்டார்கள். அத்துடன் விட்டார்களா? பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அதிலே தோல் வாரைப் பூட்டி, மரம் அறுத்தார்கள். இவ்வளவையும் பதினேழு வருஷ காலம் பார்த்துக் கொண்டிருந்த பிறகு, 1925-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், போர்டு கம்பெனியார் தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்திய வண்டியை 281 டாலர் விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். குடியானவன் செய்து காட்டினான். கம்பெனி பார்த்துக் கற்றுக் கொண்டது.

ஆஸ்திரேலியாவிலும் கதை இதுவேதான். விக்டோரியா மாகாணத்தில் ஒரு குடியானவரின் மனைவி 1932-ல் போர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மானமாய்ப் போய் இறங்கவும், திங்கட்கிழமை சந்தைக்குப் பன்றிகளை ஏற்றிச் செல்லவும் தகுதியான ஒரே வண்டி வேண்டும் என்பது அந்த அம்மாளின் வேண்டுகோள். இரண்டு வண்டி வாங்கப் பணமில்லாதவர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. கீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் இருந்த லூ பாண்ட் என்னும் இளைஞர் அப்படிப்பட்ட ஒரு வண்டிக்குப் படம் வரைந்தார். 1934-ல் அது வெளிவந்தது. 'யூட்' என்று ஆஸ்திரேலியர் செல்லமாய் அழைக்கும் வண்டி அதுதான். அவருடைய கதையின் பின்பகுதி இன்னும் விசேஷமானது. முதுமையில் அதே 1934-ம் வருஷத்து மாதிரியில் ஒன்றைத் தேடிப் புதுப்பித்தார். 1987-ல் அதை ஓட்டிச் செல்கையில் நேர்ந்த விபத்தில் காலமானார். பழைய வண்டியின் ஆசை அதைப் படைத்தவரையே பிடித்து ஆட்டியிருக்கிறதென்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்வானேன்?

அமெரிக்காவில் 1930-களில் மழை பொய்த்தது. மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்தது. கடன்காரர்கள் நிலத்தை எடுத்துக் கொண்டார்கள். ஓக்லஹோமா முதலிய பிரதேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் படுக்கை, பாத்திரம், பாட்டி சகிதம் லாரிகளில் ஏறிக் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டன. ஜான் ஸ்டீன்பெக் 1939-ல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆப் ராத்' என்னும் நாவலில் வரும் குடும்பத்துக்கு லாரி வாங்கவும் வகையில்லை. பழைய ஹட்ஸன் காரின் பின்பாதியை வெட்டி லாரியாக்கிக் கொள்கிறார்கள். உடன் வரும் குடும்பத்தின் வண்டியில் நடுவழியில் பேரிங் போய்விடுகிறது. சகோதரர்கள் இருவர் பழைய இரும்புக் கிடங்கில் தேடி, வேண்டிய சாமானை எடுத்துவந்து, தங்கள் கையாலேயே பொருத்துகிறார்கள். வண்டி நின்றால் குடும்பம் நின்றது. ஆகவே வண்டியின் வயிற்றுக்குள் இருப்பது என்னவென்று அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது தெரிந்து வைத்திருந்தார்கள்.

நிற்க. போர்டு என்ற பெயரைச் சொன்னதும் நம் நாட்டவருக்கு ஞாபகம் வரவேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. 1941-ல் காந்திஜி ஹென்றி போர்டுக்குக் கடிதம் எழுதினார். அவருக்காக ஒரு சிறு கைராட்டினமும் அனுப்பி வைத்தார். மிச்சிகன் மாகாணத்தில் போர்டின் பெயர் தாங்கிய பொருட்காட்சி சாலையில் அந்த ராட்டினம் இன்றும் பத்திரமாய் இருக்கிறது. உலகத்திலேயே அதிகமான யந்திரங்களை உற்பத்தி செய்து தள்ளிய மனிதருக்கு ராட்டினத்தை அனுப்பியதில் மகாத்மாவின் குறும்பும் கொஞ்சம் கலந்திருக்கத்தான் வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் காந்திஜி யந்திரம் என்றால் எல்லாவற்றையும் வெறுத்தவர் அல்ல. சிங்கர் தையல் யந்திரத்தை மனிதன் கண்டுபிடித்த உபயோகமான சில பொருள்களில் ஒன்று என்று 1924-லேயே ஒப்புக் கொண்டிருக்கிறார். மனிதனுடைய கை கால்களைச் செயலற்றுப் போகும்படி செய்கிற யந்திரம் வேறு, அவற்றுக்குத் துணை நிற்கிற யந்திரம் வேறு என்பது அவர் செய்த பாகுபாடு.

இந்தப் பாகுபாட்டை வைத்துப் பார்த்தால் போர்டு ஒரு புதிரான மனிதர். அவருடைய தொழிற்சாலை மனிதனை யந்திரத்தின் ஓர் உறுப்பாக்கியது: ஒருவன் காலை முதல் மாலை வரை ஒரே ஆணியை முடுக்கிக் கொண்டிருந்தான். அவருடைய வண்டியோ யந்திரத்தை மனிதனின் கைக்கு அடங்கும்படி செய்தது. ராட்டினத்தின் கதிர் வளைந்தால் நூற்கிறவரே நிமிர்த்திக் கொள்ளலாம். கயிறு அறுந்தால் முடிந்து கொள்ளலாம். மாடல் டி வண்டியும் ஏறக்குறைய அந்த ஜாதிதான். ஸ்பானர் ஒன்று, சுத்தியல் ஒன்று, கொஞ்சம் கம்பி, நிறையப் பொறுமை - இவை இருந்தால் போதும்.

இனி, பழைய லாரிப் பிரியர்கள் அதிகமாய்த் தேடி அலையும் வண்டிக்கு வருவோம். 1942-ல் யுத்தத்தின் காரணமாய் அமெரிக்காவில் பொது ஜனங்களுக்கென்று லாரி செய்வது ஏறக்குறைய நின்று போயிற்று. பழைய வண்டிகள் பல யுத்த தளவாடத்துக்காக உருக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் குடியானவர்கள் புது லாரிக்கு ஆலாய்ப் பறந்தார்கள். ஷெவ்ரலே கம்பெனியார் 1947-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு புதிய மாதிரியை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் போர்டின் 'எப்' வரிசை வந்தது. உருண்டு திரண்ட மட்கார்டுகளும், அகன்று சிரிக்கும் முகமுமாக அந்த ஷெவ்ரலே லாரியைப் பார்த்தால், பாரம் சுமக்கும் வண்டி என்பதைவிட நல்ல சுபாவமுள்ள எருமை என்றே தோன்றும்.

அதன் லட்சணங்களைக் கேளுங்கள். எஞ்சினைக் கிளப்பப் பொத்தான் இல்லை. தரையிலுள்ள ஒரு மிதியைக் காலால் அமுக்க வேண்டும். மின்சாரமோ ஆறே வோல்ட். குளிர்காலத்துக் காலை வேளையில் எஞ்சின் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல முனகும். கண்ணாடியைத் துடைக்கும் கைகள் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தினால் இயங்குகிறவை. ஆகையால் மேட்டில் ஏறும்போது, அடைமழையாயிருந்தாலும், அவை தயங்கித் தயங்கிக் கடைசியில் நின்றே போகும். 1949-ம் வருஷத்திலிருந்து பெட்ரோல் தொட்டியை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அறைக்குள்ளேயே வைத்தார்கள். ஆக, அவரும் பெட்ரோலும் ஒரே அறையில் குடித்தனம்.

எஞ்சின் 216 கன அங்குலம், ஆறு சிலிண்டர். அதன் பிஸ்டன்களைத் தாங்கும் தண்டுகளில் 'பாபிட்' என்னும் ஈயம் போன்ற மெதுவான கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்துப் பேரிங் செய்திருக்கிறார்கள். ஐசக் பாபிட் என்பவர் 1839-ல் கண்டுபிடித்தது. தேய்ந்து போனால் புதிதாய் வாங்கிப் போட முடியாது; மறுபடியும் உருக்கி, வார்த்து, கடைந்து, அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த அந்தக் கைத்தொழில் இப்போது அருகிவிட்டது. தெரிந்த சில கிழவர்களிடம் எஞ்சினை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதனாலேயே பலர் அந்த எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, 1954-ம் வருஷத்துக்குப் பிந்திய 235 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி விடுகிறார்கள். செய்யட்டும், குறை சொல்வதற்கில்லை. இருந்தாலும், பாபிட் வார்க்கத் தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்து அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளும் இளைஞன் ஒருவன் இருந்தால், அவனுக்கு நம் ஓட்டு இரண்டு.

இப்பொழுது நாம் விளம்பரத்தைப் பார்த்து வந்தவரைக் கவனிப்போம். அவர் வண்டியை இழுத்து வந்து தம் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். எலிகளை வெளியேற்றியாயிற்று. சுத்தியலும் ஊசியும் கொண்டு வைத்தியர் போல் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். அறையின் பின்மூலைகள் இரண்டும் துருவினால் கருவாட்டைப் போல் ஆகியிருக்கின்றன. தரைத் தகட்டில் விரல் புகுகிறது. புட்போர்டு கையோடு வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. ஷெவ்ரலே, போர்டு இரண்டுக்கும் மூலைத் தகடும் தரைத் தகடும் புதிதாய் அடித்து விற்கிறார்கள். கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பற்றவைத்துக் கொள்ளலாம். ஸ்டூடிபேக்கர் போன்ற வண்டியாயிருந்தால்தான் கஷ்டம். அந்தக் கம்பெனி 1966-ல் மோட்டார்த் தொழிலையே விட்டுவிட்டது. அப்போது தகட்டைத் தாமே வளைத்து, தட்டி, உருவம் கொடுக்க வேண்டியதுதான். முதலில் செய்தது காளானைப் போல வரும். மூன்றாவது ஒருவாறு மட்கார்டைப் போல் வரும்.

பின்பெட்டியின் தரை மரப் பலகை. பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள். சாமான் வழுக்கிச் செல்வதற்காக அவை. பலகை உளுத்துப் போனால் தச்சு வேலை தெரிந்தவர் ஒரே நாளில் மாற்றிவிடலாம். வண்டி செய்தவர்கள், இது ஒருநாள் உளுத்துப் போகும், அப்பொழுது சொந்தக்காரன் மாற்றுவான் என்று எண்ணியே செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் இறுகிப்போன எஞ்சின்தான். முப்பது வருஷம் மழையிலும் பனியிலும் நின்றதால், பிஸ்டனும் சிலிண்டரும் துருவினால் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. சுத்தியலை எடுத்தால் காரியம் கெட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக எண்ணெய் ஊற்றி ஊற வைக்க வேண்டும். தானியங்கிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயையும் அசிட்டோனையும் கலந்து ஊற்றுவது பலருடைய கைவைத்தியம். தினம் இரவில் முன்புறத்து நட்டில் நீண்ட கைப்பிடி மாட்டி, மெதுவாய் ஒரு தரம் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்ததா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளச் சாக்குக் கட்டியால் ஒரு கோடு. அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். இன்னும் ஒரு நாள். அவர் காத்திருக்கட்டும். அதற்குள் நாம் அவருடைய கோஷ்டியாரின் சண்டை ஒன்றைத் தீர்த்து வைக்கப் பார்ப்போம்.

சண்டை, வர்ணத்தைப் பற்றியது. ஒரு கட்சியார் வண்டியை எலும்புக்கூடு வரையில் கழற்றி, மணலால் தேய்த்து, தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததைக் காட்டிலும் பளபளப்பாகச் செய்துவிடுவார்கள். இன்னொரு கட்சியார் வெயிலில் வெளுத்த வர்ணத்தையும், கதவில் பாதி அழிந்து கிடக்கும் பழைய கடையின் பெயரையும், மேலே படர்ந்த துருவையும் தொடக்கூடாது என்பார்கள். ஆளிவிதை எண்ணெயைத் தடவி அந்தத் துருவுக்கே பாதுகாப்புக் கொடுப்பவர்களும் உண்டு. நம்முடைய அபிப்பிராயம் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறது. பளபளப்பான லாரியில் வைக்கோல் ஏற்ற யாருக்கும் மனம் வராது. அதை இன்னொரு லாரியின்மேல் ஏற்றிக் காட்சிக்குக் கொண்டு போவார்கள். லாரி லாரியின் மேல் சவாரி செய்வது பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் இரண்டாவது கட்சியாரிலும் சில போலிகள் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல வண்டிக்கு மருந்து பூசித் துருப்பிடிக்க வைக்கிறார்களாம்! நரைமயிர் ஒட்டிக்கொண்டு தாத்தா வேஷம் போடுகிறவனை நாடக மேடையோடு விட்டுவிட வேண்டும்.

துருவின் அழகு பிரேக்குக்குப் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். அந்தக் காலத்து லாரிகளில் நாலு சக்கரத்துப் பிரேக்குக்கும் எண்ணெய் செல்வது ஒரே வழி. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நாலும் ஏககாலத்தில் கைவிட்டுவிடும். பழமைப் பற்றின் காரணமாக அதை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளை ஏற்றிச் செல்கிறவரை வீரர் என்று புகழ நாம் தயாராயில்லை. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி வழி வைத்த பிரேக் கிடைக்கிறது. அதை முதலில் பொருத்திவிட்டு, பிறகு வர்ணத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போட்டுக் கொள்ளலாம்.

இவ்வளவு பாடும் எதற்காக? லாபத்துக்காக என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதுப்பிக்கச் செலவான பணம் வண்டியை விற்றால் பெரும்பாலும் திரும்பாது. வேகத்துக்காக என்றும் சொல்ல முடியாது. புது லாரி கிடைக்காமலா? போர்டின் எப் வரிசை நாற்பது வருஷங்களுக்கு மேலாக அந்நாட்டில் அதிகமாய் விற்கும் லாரியாக இருந்து வந்திருக்கிறது. அந்தப் புது லாரியின் மூடியைத் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே பிளாஸ்டிக் மூடிகளும் கம்பிக் கற்றைகளும் கம்ப்யூட்டர் பெட்டிகளுமாக, சொந்தக்காரனுக்கு 'உள்ளே பிரவேசிக்கக் கூடாது' என்று சொல்லாமல் சொல்கின்றன. எங்கே கோளாறு என்பது வண்டிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும், பணம் கொடுத்து வாங்கியவனுக்கு மட்டும் தெரியாது.

இதற்காக அங்கே ஒரு கிளர்ச்சியே நடந்து வருகிறது. மாசசூஸட்ஸ் மாகாணத்தில் 2012-ல் ஜனங்கள் வோட்டுப் போட்டு, மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டிய தகவல்களைக் கம்பெனிகள் சொந்தக்காரருக்கும் சாதாரண மெக்கானிக்குகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். வண்டி ஆகாய மார்க்கமாய்க் கம்பெனிக்கு அனுப்பும் தகவல்களைப் பற்றி 2020-ல் மறுபடியும் ஒரு வோட்டு; அதிலும் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஜனங்கள் சொந்தக்காரன் பக்கமே நின்றார்கள். கொலராடோ மாகாணத்தில் 2023-ல் குடியானவர்களுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள்: டிராக்டர் முதலிய விவசாய யந்திரங்களைச் சரிசெய்ய வேண்டிய சாமான்களையும் விவரங்களையும் அவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று. மாடல் டி வண்டியின் பின்பாகத்தைக் கழற்றிப் பெட்டி பொருத்திக்கொண்ட குடியானவனின் பேரப்பிள்ளைகள், தங்கள் யந்திரத்தைத் தாங்களே திறந்து பார்ப்பதற்குச் சட்டசபையின் அனுமதியைக் கேட்க வேண்டியிருக்கிறது! சொந்தப் பொருள் என்றால் என்ன என்று நம் நாட்டிலும் நன்றாக யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. யந்திரங்களை வாங்கிக் குவிப்பதில் நாமும் யாருக்கும் இளைத்தவர்களாயில்லை.

கொட்டகையிலுள்ளவர் இதையெல்லாம் யோசித்துப் பார்த்தவர் அல்ல. கேட்டால், "சும்மா, பொழுதுபோக்கு" என்பார். ஆனால் அந்த ஓட்டைப் பெட்டியில் ஒவ்வொரு ஆணியும் எதற்காக இருக்கிறதென்று அவருக்குத் தெரிகிறது. வீட்டிலுள்ள வேறெந்தச் சாமானைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்ல முடியாது.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் இரவு, வழக்கம்போல் கைப்பிடியை மாட்டித் தள்ளுகிறார். குனிந்து, விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார். சாக்குக் கோடு இருந்த இடத்தில் இல்லை. மறுபடியும் தள்ளுகிறார், இன்னும் ஒரு நெல்லளவு நகர்கிறது. கையைத் துடைத்துக் கொள்ளவும் மறந்து சமையலறைக்குள் ஓடுகிறார்.

"என்ன, வண்டி ஓடுகிறதா?" என்று கேட்கிறாள் அவருடைய மனைவி.

"ஓடவில்லை. அசைந்தது!"

அந்த அம்மாள் ஆறிப்போன சாப்பாட்டை மறுபடியும் அடுப்பின் மேல் வைக்கிறாள்.